செம்மறி ஆட்டின் அடங்காத அரிப்பும் ஆட்டு மரபணு பெற்ற சுண்டெலியும்

செம்மறி ஆடு பனை மரத்திலும் வேலிக்காலிலும் உடம்பைத் தேய்ப்பதைத் திருக்கழுக்குன்றம், செய்யூர், மதுராந்தகம் வட்டாரங்களில் ஆடு வளர்ப்போர் அன்றாடம் பார்க்கின்றனர். பேன், உண்ணி, சொறி ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் இதற்குக் காரணம். மருந்துக் குளியல் அளித்தாலோ, கால்நடை மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டாலோ இரண்டு மூன்று வாரங்களில் அரிப்பு அடங்கிவிடும். ஆனால் எந்த மருந்துக்கும் அடங்காத அரிப்பு ஒன்றும் உலகில் உண்டு. அதற்கு 'ஸ்கிரேப்பி' என்று பெயர். அது தோலில் தோன்றும் நோயன்று. மூளையில் தோன்றும் நோய்.

இங்கிலாந்தில் 1732ஆம் ஆண்டிலிருந்தே இந்நோய் அறியப்பட்டுள்ளது. ஆடு தன் உடம்பைச் சுரண்டிக் கொள்வதைப் பார்த்து ஆங்கிலேயர் இப்பெயரிட்டனர். நடுக்கத்தைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் 'நடுக்க நோய்' என்றனர். ஜெர்மானியரோ ஆட்டின் கோணல் நடையைப் பார்த்து வேறு பெயர் வைத்தனர். ஒரே நோய்க்கு இப்படி ஊருக்கு ஒரு பெயர் வந்ததில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. அது பின்னால் விளங்கும்.

சீமையில் உள்ள நோயைப் பற்றிச் செங்கல்பட்டு விவசாயி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். இந்தியாவிலும் இந்நோய் காணப்பட்டுள்ளது. இமயமலை அடிவாரத்துச் செம்மறி ஆடுகளில் ஸ்கிரேப்பி இருந்ததை ஸ்லாட்னிக், கத்தியார் என்ற இரு விஞ்ஞானிகள் 1961ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கால்நடை மருத்துவ வார இதழில் வெளியிட்டனர். அது சென்னைச் சிவப்பு ஆடுகள் மேயும் பூமிக்கு வெகு தொலைவு என்பது உண்மையே. ஆயினும் ஆடு காலால் நடப்பதை விட லாரியில் போவதே இன்று அதிகம். பொலிகிடா எங்கிருந்து வருகிறதோ அங்குள்ள நோயும் உடன் வரும். 1952இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆடுகளோடு ஸ்கிரேப்பி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றது. அவ்விரு நாடுகளும் தயங்காமல் மந்தை மந்தையாக ஆடுகளை அழித்து அதை ஒழித்தன. ஐஸ்லாந்துக்கு 1878இல் இறக்குமதியான ஒரே ஒரு கிடாவால் இந்நோய் வந்தது என்று கருதப்படுகிறது. அந்நாடு இன்றும் அதனுடன் போராடி வருகிறது.

நோயின் அடையாளம்

நோய் தொற்றிய நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடையே ஆண்டுக் கணக்கில் இடைவெளி இருக்கும். ஆகவே இது குட்டிகளைத் தாக்கும் நோயாகத் தெரியாது. இரண்டு முதல் ஐந்து வயதுள்ள ஆடுகளிலேயே பெரும்பாலும் காணப்படும். முதலில் ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும். நாயைக் கண்டால் வழக்கத்தை விட மிரளும். பிறகு விலாவையும் பின்புறத்தையும் சுவரிலும் மரத்திலும் தேய்க்கத் தொடங்கும். கம்பளி ஆட்டில் கம்பளி கொத்துக் கொத்தாக உதிரும். நம் சென்னைச் சிவப்பு போன்ற குறுமயிர் ஆடுகளில் தோல் வெறுமையாகித் தடித்துப்போகும். நடை தடுமாறும். தீனி தின்றும் உடல் இளைக்கும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ ஆடு இறந்துவிடும். பிழைத்த ஆடு கிடையாது.

இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டு ஓரமாகக் கையால் அழுத்திச் சொறிந்தால், நோயுற்ற ஆடு தலையைத் தூக்கி உதட்டை மெல்லுவதுபோல் அசைக்கும். மேலைநாட்டு இடையர்கள் இதை ஓர் அடையாளமாகக் கொள்கின்றனர். ஆனால் கடும் சொறி பிடித்த ஆடும் இப்படிச் செய்வதுண்டு என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.

நம் பகுதியில் மூளையைத் தாக்கும் நோய்கள் வேறு பல உள்ளன. நாயின் வயிற்றில் உள்ள நாடாப்புழுவின் முட்டையைப் புல்லோடு தின்ற ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி உண்டாகி, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றும். வெறிநாய் கடித்த ஆடு சில நாட்களிலேயே இறக்கும். துள்ளுமாரியில் நேற்று நன்றாக இருந்த ஆடு இன்று துள்ளி விழுந்து மடியும். இவை யாவும் நாள், வாரக் கணக்கில் நடப்பவை. மெதுவாக, மாதக் கணக்கில், ஒன்றிரண்டு வயதான ஆடுகளில் மட்டும் தோன்றி, சொறி மருந்துக்கும் கட்டுப்படாத அரிப்பே இங்குக் கவனிக்க வேண்டியது.

கிருமி இல்லாத தொற்றுநோய்

இந்நோய் பரம்பரையாக வருவதா, தொற்றுவதா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 1936இல் குயில்லே, ஷெல் என்ற இரு பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர்கள் நோயுற்ற ஆட்டின் மூளை, தண்டுவடச் சாற்றை நல்ல ஆடுகளுக்கு ஏற்றி, ஓராண்டுக்கு மேல் பொறுமையாகக் காத்திருந்து, நோய் வருவதைக் காட்டினர். ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு விபத்து நடந்தது. உண்ணியால் பரவும் வேறொரு மூளை நோய்க்குத் தடுப்பூசி தயாரித்தவர்கள், ஆட்டு மூளையை ஃபார்மலினில் ஊறவைத்து ஊசி மருந்தாக்கினர். ஃபார்மலின் எந்தக் கிருமியையும் கொல்லும் என்பது அன்றைய நம்பிக்கை. அதில் ஒரு தொகுதி, 18,000 டோஸ் அளவு, பண்ணைகளுக்குப் போயிற்று. இரண்டாண்டுக்குப் பிறகு அந்த ஊசி போட்ட ஆடுகள் ஸ்கிரேப்பியால் விழத் தொடங்கின. மருந்துக்கு மூளை தந்த குட்டிகளில் சில இந்நோய் தொற்றியவை என்பது பிறகே தெரிந்தது.

ஃபார்மலினுக்குச் சாகாதது, கொதிநீருக்கும் சாகவில்லை. சாதாரண ஆஸ்பத்திரி ஆவிக்கலத்தின் வெப்பத்துக்கும் முழுமையாக ஒடுங்கவில்லை. கிருமி என்றால் அதற்கு ஒரு மரபுப் பொருள் வேண்டும். அதை அழிக்கும் கதிர்களும் இதை அசைக்கவில்லை. 1982இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புருசினர், இது வெறும் புரதத்தால் ஆன தொற்றுப் பொருள் என்று கூறி அதற்குப் 'பிரியான்' என்று பெயரிட்டார். அன்று பலர் ஏற்க மறுத்தனர். 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிரியான் என்பது வெளியிலிருந்து வரும் அன்னியப் பொருள் அன்று. ஆட்டின் நரம்பு அணுக்களில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம், மடிப்பு மாறிப்போவதே பிரியான். மடிப்பு மாறிய ஒரு புரதம் பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடும். அது இன்னொன்றை மடிக்கும். உறை மோர் ஒரு கரண்டி விட்டால் ஒரு பானைப் பாலும் தயிராவது போல என்று வைத்துக்கொள்ளலாம். தயிரில் உயிருள்ள நுண்ணுயிர் வேலை செய்கிறது. இங்கே உயிர் ஏதும் இல்லை என்பதே வேறுபாடு. உறைந்த புரதம் கரைவதில்லை. மூளையில் அது சேரச் சேர நரம்பணுக்கள் அழிந்து, மூளை கடற்பஞ்சு போல் துளை துளையாகிவிடும்.

ஒரே நோயா, பல நோயா?

உறை மோர் புளித்ததானால் தயிரும் புளிக்கும். இனித்ததானால் தயிரும் இனிக்கும். ஸ்கிரேப்பியிலும் அப்படியே. மடிப்பு ஒன்றல்ல, பல. ஒவ்வொரு மடிப்பும் தன்னைப் போன்ற மடிப்பையே பெருக்குகிறது. இப்படிப் பெருகும் வகைகளை விஞ்ஞானிகள் 'ரகங்கள்' என்கின்றனர். நெல்லில் ரகம் விதையிலுள்ள மரபால் வருகிறது. இங்கு விதையும் இல்லை, மரபும் இல்லை. மடிப்பின் வடிவமே ரகமாக இருக்கிறது. விஞ்ஞானிகளையே பல்லாண்டு திகைக்க வைத்த செய்தி இது.

இதற்கு முதல் தடயம் கொடுத்தவை வெள்ளாடுகள். 1961இல் பாட்டிசன், மில்சன் என்பவர்கள் இங்கிலாந்தில் ஸ்கிரேப்பியை வெள்ளாடுகளுக்கு ஏற்றியபோது, சில ஆடுகள் ஓயாமல் சொறிந்தன; சில ஆடுகள் சொறியாமல் தூங்கி வழிந்தன. சொறியும் ஆட்டின் மூளையை ஏற்றினால் அடுத்த ஆடும் சொறிந்தது. தூங்கும் ஆட்டின் மூளையை ஏற்றினால் அடுத்ததும் தூங்கிற்று. ஊருக்கு ஒரு பெயர் வந்த காரணம் இப்போது ஓரளவு விளங்கும்.

ஆனால் ஆட்டை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்ய மூன்று ஆண்டு காத்திருப்பது நடக்கிற காரியமா? அதே 1961இல் சாண்ட்லர் என்பவர் ஸ்கிரேப்பியைச் சுண்டெலிக்கு ஏற்றி வெற்றி கண்டார். அதன் பின் ஆராய்ச்சி வேகம் பிடித்தது. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் தவம் செய்யும் பூனையின் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வயலில் எலியால் படும் பாட்டை அறிந்த விவசாயிக்கு அந்த எலிகள் மீது இரக்கம் வராதுதான். ஆனால் ஆடு மாடுகளின் நோயை அறிவதில் இந்தச் சிறு பிராணி செய்துள்ள உதவி கொஞ்சமன்று.

எடின்பரோவில் டிக்கின்சன் குழுவினர் இரண்டு ரகச் சுண்டெலிகளில் இரண்டு ரக ஸ்கிரேப்பியை ஏற்றிப் பார்த்தனர். முதல் ரக நோய், ஒரு சுண்டெலியை விரைவிலும் மற்றதை இரண்டு மடங்கு காலம் கடந்தும் கொன்றது. இரண்டாவது ரக நோயில் இது தலைகீழாயிற்று. முன்பு தாக்குப்பிடித்த சுண்டெலியே முதலில் இறந்தது. நோய் வரும் காலம், மூளையின் எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு துளை என்ற கணக்கு ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ரகத்தை அடையாளம் காணலாம் என்ற முறை இப்படிப் பிறந்தது.

இதில் ஒரு குறை இருந்தது. சுண்டெலியின் புரதம் வேறு, ஆட்டின் புரதம் வேறு. ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டில் நுழையாதது போல, பண்ணையிலிருந்து எடுத்த பல ஸ்கிரேப்பி மாதிரிகள் சுண்டெலியில் பிடிக்கவே இல்லை. பிடித்தாலும், சுண்டெலியில் இரண்டு மூன்று முறை மாற்றி ஏற்றுவதற்குள் ரகமே மாறியிருக்கக் கூடும். அப்படியானால் பார்ப்பது ஆட்டின் நோயா, எலியின் நோயா?

ஆட்டு மரபணு ஏற்றிய சுண்டெலி

இச்சிக்கலைத் தீர்த்தது மரபணு மாற்றிய சுண்டெலி. 1990களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் வைஸ்மன் குழுவினர் இந்தப் புரதமே இல்லாத சுண்டெலியை உருவாக்கினர். அதற்கு ஸ்கிரேப்பியை எவ்வளவு ஏற்றினாலும் நோய் வரவில்லை. பால் இல்லாத பானையில் உறை மோர் விட்டு என்ன பயன்? அடுத்த கட்டமாக, சுண்டெலியின் சொந்த மரபணுவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் செம்மறி ஆட்டின் மரபணுவைச் சேர்த்தனர். உடலால் சுண்டெலி, நரம்புப் புரதத்தால் ஆடு. 2001இல் பிரான்சின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் விலோத் குழுவினர் உருவாக்கிய 'டி.ஜி.338' என்ற சுண்டெலி இவ்வகையில் பெயர் பெற்றது. ஆட்டில் ஆண்டுக் கணக்கில் எடுக்கும் நோய், சில மாதிரிகளில் இந்தச் சுண்டெலியில் ஏறத்தாழ இரண்டே மாதத்தில் வெளிப்பட்டது.

இவ்வகைச் சுண்டெலிகளில் பல நாட்டு மாதிரிகளை ஏற்றிப் பார்த்தபோது, வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்த ஸ்கிரேப்பி, விரைவாகக் கொல்வது, மெதுவாகக் கொல்வது என்று பல ரகமாகப் பிரிந்தது. ஒரே நாட்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ரகங்கள் இருப்பது தெரிந்தது.

இந்த ரகப் பிரிவினை ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1986இல் பிரிட்டனில் மாடுகளுக்குப் 'பைத்திய மாட்டு நோய்' கண்டது. இறந்த கால்நடைகளின் இறைச்சி, எலும்புத் தூளைத் தீவனத்தில் கலந்ததே அது பரவக் காரணம். அந்நாட்டில் மட்டும் 1,80,000க்கு மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியாயிற்று. 1996இல் அது மனிதருக்கும் வந்துள்ளதாக அறிவிக்கப்பட்டது. மாட்டின் நோயும் மனிதரின் நோயும் ஒரே ரகம்தான் என்பதை 1997இல் உறுதி செய்தவை சுண்டெலிச் சோதனைகள். பிரான்சில் 2002இல் வெட்டப்பட்ட ஒரு வெள்ளாட்டுக்கு இருந்தது ஸ்கிரேப்பி அல்ல, மாட்டு நோய் ரகம் என்பதும் 2005இல் இவ்வகைச் சோதனைகளால் உறுதியாயிற்று. வெறும் அரிப்பைப் பார்த்து இதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஸ்கிரேப்பி இறைச்சி வழியாக மனிதருக்கு வந்ததாக இரண்டரை நூற்றாண்டு அனுபவத்தில் சான்று இல்லை. 2014இல் மனித மரபணு ஏற்றிய சுண்டெலிக்குச் சில ஸ்கிரேப்பி மாதிரிகளை ஏற்றியபோது நோய் பிடித்தது என்ற ஆய்வும் வெளிவந்துள்ளது. பீதி கொள்ள இதில் ஒன்றுமில்லை. ஆனால் நோயுற்ற ஆட்டை உணவுக்கு விடலாகாது என்ற பழைய விதிக்கு இது இன்னொரு காரணம்.

எதிர்ப்புச் சக்தியுள்ள கிடா

எல்லா ஆடுகளும் ஸ்கிரேப்பிக்கு ஒரேபோல் ஆளாவதில்லை. ஆட்டின் அந்தப் புரதம் 256 அலகுகள் கோத்த சரம். அதில் 136, 154, 171 ஆகிய மூன்று இடங்களில் எந்த அலகு இருக்கிறது என்பதே ஆட்டின் தலையெழுத்து. 'ஏ.ஆர்.ஆர்.' என்று குறிக்கப்படும் அமைப்பைத் தாய், தகப்பன் இருவழியிலும் பெற்ற ஆட்டுக்கு வழக்கமான ஸ்கிரேப்பி ஏறக்குறைய வருவதே இல்லை. 'வி.ஆர்.க்யூ.' அமைப்புள்ள ஆடு எளிதில் இரையாகிறது. இதை வைத்து 2001 முதல் பிரிட்டனும் பின்னர் ஐரோப்பிய நாடுகளும் கிடாக்களின் இரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்பு உள்ளவற்றையே பொலிவுக்கு விட்டன. நோய் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் இயற்கை அவ்வளவு எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. 1998இல் நார்வேயில் ஒரு புதுமாதிரி ஸ்கிரேப்பி கண்டது. பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2005இல், எதிர்ப்பு உள்ளவை என்று நம்பிய 'ஏ.ஆர்.ஆர்.' ஆடுகளிலும் இந்த ரகம் இருப்பதை 'டி.ஜி.338' சுண்டெலியைக் கொண்டு காட்டினர். நல்ல வேளையாக இது பெரும்பாலும் மந்தையில் ஒரு வயதான ஆட்டில் மட்டுமே தோன்றுகிறது. மற்ற ஆடுகளுக்கு எளிதில் பரவுவதில்லை. ஸ்கிரேப்பியை ஒழித்த நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கூட இது 2009, 2010 ஆண்டுகளில் தென்பட்டது. தானாகவே தோன்றக்கூடியது என்றே பலர் கருதுகின்றனர். குலை நோய்க்குத் தாங்கும் நெல் ரகம் இலையுறைக் கருகலுக்கும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாதல்லவா?

நம் மந்தையில் செய்யத்தக்கவை

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளுக்கே உரிய சென்னைச் சிவப்பு ஆடு, ஏரிப் புறம்போக்கிலும் சவுக்குத் தோப்பு ஓரத்திலும் மேய்ந்து, கடற்கரை வெக்கையைத் தாங்கிப் பழகியது. எடை அதிகம் வரும் என்ற ஆசையில் பெயர் தெரியாத கலப்புக் கிடாவை, வழியில் போகும் வியாபாரியிடம் வாங்கி விடுவது இப்போது அதிகரித்து வருகிறது. நீலகிரி ஆட்டினம் 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய சீமை இனங்கள் கலந்து உருவானதுதான். கலப்பே கூடாது என்பதில்லை. எங்கிருந்து வந்தது, தாய் மந்தை எது என்று தெரியாத கிடா கூடாது என்பதே கருத்து. கிடா வேண்டுவோர் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பண்ணையை அணுகி ஆலோசனை பெறலாம். வெளிநாட்டிலிருந்து வரும் கால்நடைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் தொற்றுத்தடை நிலையமும் பள்ளிக்கரணையில் இயங்குகிறது. அதைச் சுற்றிக்கொண்டு வரும் உயிர் ஆடோ, உறைவிந்தோ மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது.

அடுத்தது குட்டி போடும் இடம். ஸ்கிரேப்பி பெரும்பாலும் பரவுவது நஞ்சுக்கொடி மூலம். ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியையும் நீரையும் மற்ற ஆடுகள் நக்குவதால் குட்டிப் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. தாய்ப்பால் வழியாகவும் தொற்றும் என்று 2008இல் நிரூபிக்கப்பட்டது. மண்ணில் விழுந்த பிரியான் மக்குவதில்லை. மூன்று ஆண்டு மண்ணில் புதைத்து வைத்த பிறகும் அது நோயை உண்டாக்கிற்று. ஐஸ்லாந்தில் ஒரு பட்டியில் ஆடுகளை அழித்து 16 ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் மீண்டும் வந்தது. அறுவடைக்குப் பின் வயலில் கிடை போடும் நம் வழக்கத்தில், இரவில் ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியை நாய் இழுத்துப் போவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதை எடுத்து எரிப்பதோ, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைப்பதோ பத்து நிமிட வேலை. ஸ்கிரேப்பி வராவிட்டாலும், கருச்சிதைவை உண்டாக்கி மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா நோயை இது தடுக்கும். எடுக்கும்போது வெறுங்கையால் தொட வேண்டாம். பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டால் போதும். செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடாமலிருந்தால் மூளைக்கட்டி நோயும் குறையும்.

தீவனத்தில் நம் விவசாயிக்குப் பெரிய அபாயமில்லை. கடலைப் பிண்ணாக்கும் தவிடும் அகத்திக் கீரையும் தின்னும் ஆட்டுக்கு மாட்டு நோய் வர வழியில்லை. மலிவு என்று யாரேனும் இறைச்சி எலும்புத் தூள் கலந்த கோழித் தீவனத்தை ஆட்டுக்கு வைக்கச் சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

அரிக்கும் ஆட்டுக்கு முதலில் சொறி மருந்தே கொடுக்க வேண்டும். நூற்றுக்கு நூறு அதுவாகவே இருக்கும் என்று நம்பிச் செய்யலாம். இரு முறை மருந்து கொடுத்தும் அடங்காமல், இரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆடு மெலிந்து, நடுங்கி, தடுமாறினால், சந்தைக்கு ஓட்டிவிடுவதுதான் வழக்கம். அதைத்தான் செய்யக் கூடாது. சந்தைக்குப் போன ஆடு எந்த மந்தையில் சேருமோ, யார் அறிவார்? ஆட்டைத் தனியே கட்டி, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்நோயை உறுதி செய்ய இறந்த ஆட்டின் மூளைத் தண்டுப் பகுதி முக்கியமாகத் தேவை. ஆகவே மருத்துவர் வருமுன் புதைத்துவிடக் கூடாது. மருந்தகம் தொலைவில் உள்ளவர்கள் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.